பச்சைக்கல் கோயிலில் நீ எழுதிய பெயர்கள்

மொன்றியல்
18.11.2025, செவ்வாய்

அன்பு மகள் தக்ஷினிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே தடிமன் இருமல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். அம்மா உனக்காகத் தினமும் விளக்கு வைக்கிறாள். நான் கும்பிடுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் இந்த ஒரு கிழமையாக அவள் கும்பிட்டு முடியும்வரை அறை வாசலில் நிற்கிறேன். இங்கே முதல் பனி கொட்டிவிட்டது. செயின்ட்-மிஷேலில் எங்கள் தெருவை வழமைபோல் கடைசியாகத்தான் அள்ளுவார்கள், அம்மா கார்டெரிக்கு, அந்தப் பிள்ளைகள் காப்பகத்துக்கு, வேலைக்குப் போகும்போது பஸ் தரிப்பிடத்தில் சறுக்கி முழங்கை சிராய்ந்ததோடு தப்பினாள். தம்பி சாரங்கன் சேஜெப் கல்லூரியில் பரீட்சை என்கிறான், என்ன பாடம் என்று கேட்டால் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறான். நீ இருந்தால் அவனை அதட்டுவாய். எனக்கு அதட்டவும் அலுத்துவிட்டது.

போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ இடையில் கேள்வி கேட்பாய், நான் கோபப்பட்டு வைத்துவிடுவேன், போன சனிக்கிழமை வைத்த மாதிரி. அதனால்தான் இது. இந்தத் தாள்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன், வேறு ஒருவருக்கும் காட்டாதே, பியர்பொன்ட்ஸில் இருக்கிற மாமாவுக்குக் கட்டாயம் காட்டாதே. சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ அந்தத் தேவாலயத்துக்குப் போகக்கூடாது, அந்தப் புத்தகத்தில் உனக்குப் பதில் எழுதிய பெண்ணைச் சந்திக்கவும் கூடாது. ஏன் என்று கேட்காமல் என் சொல்லைக் கேட்பாயானால் இந்த வரியோடு கடிதத்தை முடித்துவிடலாம். ஆனால் நீ ஏன் என்று கேட்பாய். உன்னை அப்படி வளர்த்தவனும் நான்தான்.

நீ ஜேர்மனிக்கு, அந்த சோஸ்ட் ஊருக்குப் படிக்கப் போன நாளிலிருந்து அனுப்பிய படங்கள் எல்லாம் என் போனில் இருக்கின்றன. கிழமை முழுக்க வகுப்பு, ஞாயிறு என்றால் கடைகளும் பூட்டு, போக்கிடம் இல்லாமல்தான் தேவாலயங்களைப் பார்க்கத் தொடங்கினேன் என்று சொன்னாய். எண்ணூறு தொள்ளாயிரம் வருடத்துச் சுவர்கள், ஊர் முழுக்க ஒரே பச்சைக் கல், மழை பெய்தால் பாசி பிடித்த குளத்துப் படி மாதிரி என்றாய். ஒன்றில் கண்ணாடி யன்னலில் இயேசுநாதரின் கடைசி விருந்து மேசையில் பன்றித் தொடையும் பியரும் வைத்திருக்கிறார்கள் என்று சிரிப்பை அடக்க முடியாமல் நீ அனுப்பிய குரலை அம்மா மூன்று தரம் போட்டுக் கேட்டாள். நான் அந்தப் படங்களில் யன்னலைப் பார்க்கவில்லை மகள். கதவுகள் எத்தனை, பக்கக் கதவு திறந்திருக்கிறதா, இருக்கை வாங்குகளுக்கு இடையில் ஓர் ஆள் ஓட இடம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பில் தேவாலயத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு வந்த பயம் இது என்று அம்மா நினைக்கிறாள். இது அதைவிடப் பழையது. நீ ஒவ்வொரு படம் அனுப்பும்போதும், பார்த்துவிட்டாள், வெளியே வந்துவிட்டாள், படம் எடுத்தவள் உயிரோடு இருக்கிறாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். நீ அனுப்பியதற்கெல்லாம் பெருவிரலை மட்டும் தூக்கிக் காட்டினேன் என்று உனக்கு என்மேல் வருத்தம் இருந்திருக்கும்.

பிறகு அந்தப் புத்தகத்தின் படம் வந்தது. பச்சைக்கல் கோயில்களில் பெரியதில், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் தடித்த புத்தகம் ஒன்று திறந்தபடி இருக்குமாம், நூலில் பேனை கட்டியிருக்குமாம், வருகிறவர்கள் தங்கள் மன்றாட்டை அதில் எழுதுவார்களாம், ஞாயிறு பூசையில் பாதர் அவர்களுக்காகச் செபிப்பாராம். நீ என்ன செய்தாய்? அம்மாவோடு கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் துண்டு எழுதிப் பழகிய பிள்ளை, அதே மாதிரி ஒரு பக்கம் நிறைய எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரையும் பெயர், நட்சத்திரம், ஊர் என்று வரிசையாக எழுதி வைத்துவிட்டாய். அப்பப்பா மார்க்கண்டு, அப்பம்மா இலட்சுமிப்பிள்ளை, நான், அம்மா, தம்பி, நீ. கடைசி வரியில் பெரியப்பா மகேந்திரராசா, அவிட்டம், 1990 ஆவணியிலிருந்து காணவில்லை. அவருடைய நட்சத்திரம் உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மாவிடம் கேட்டேன். பிள்ளை கேட்டாள், சொன்னேன், அதிலென்ன குற்றம் என்றாள். இருபத்தைந்து வருடமாக என்னோடு வாழ்கிறவள், அர்ச்சனைக்குக்கூட என் பெயரை எழுதக்கூடாது என்று நான் ஏன் சொல்கிறேன் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

அந்தப் படத்தை நீ எங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். மாமாவுக்கும் அனுப்பினாய். போன சனிக்கிழமை மாமாவின் மகள் கஜந்தினியின் பிறந்தநாளுக்கு மாமா வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். சிவநேசம் மச்சானுக்குச் சுவர் அளவு ரீவி இருக்கிறது, அதில் எதையாவது போட்டுக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நாற்பது பேர் இருந்த அறையில் உன் பக்கத்தைப் பெரிதாக்கிப் போட்டார். மச்சான், உங்கட மகள் வெள்ளைக்காரச் சாமிக்கே நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை போட்டுட்டாள், இனி அந்த ஜேர்மன் பாதர் நீங்க என்ன குடி, என்ன கோத்திரம் எண்டு கேட்டு போன் எடுப்பார், பாத்துச் சொல்லுங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பகிடிதான், வேறு ஒருவரின் வீட்டுப் பெயர்களாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். நான் எழுந்துபோய் ரீவியின் வயரைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டேன். கேக் வெட்டவில்லை இன்னும். மச்சான் முகம் கறுத்து, இவருக்கு எப்பவும் எங்கட வீட்டிலதான் வருத்தம் வரும் என்றார். அதை நான் மறக்கப் போவதில்லை, அது இருக்கட்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, ஒரு படத்துக்குப் பேயறைஞ்ச ஆள் மாதிரி நிண்டா சனம் என்ன நினைக்கும் கா, உங்களுக்கு என்னதான் நடந்தது என்றாள். ஒன்றுமில்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும் உன் அழைப்பு. அப்பா, நான் இண்டைக்குத் திரும்பவும் அங்க போனன், நான் எழுதினதுக்குக் கீழ தமிழில பதில் எழுதியிருக்கு, பெரியப்பாவைத் தெரிஞ்ச ஆளாம், உங்களையும் தெரியுமாம் என்று சந்தோசத்தில் கத்தினாய். நான் போனை வைத்துவிட்டேன். பிறகு நீ அனுப்பிய படத்தில் அந்த நான்கு வரியையும் வாசித்தேன். மகேந்திரராசாவை எனக்குத் தெரியும் மகள், அவரோடுதான் என் வீட்டுக்காரரும் போனவர், இருபத்துமூன்றாம் திகதி பூசைக்கு வருவேன், மெழுகுதிரித் தட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன், உன் தகப்பனையும் எனக்குத் தெரியும். கீழே றெஜினா அன்ரன், ஹாம் என்று பெயரும் உனக்குப் பக்கத்து ஊரும் இருந்தன.

இந்த மூன்று நாளும் உனக்குச் சொல்லக் காரணங்கள் தேடினேன். முன்பின் தெரியாதவர்களை நம்பாதே, புத்தகத்தில் பெயர் பார்த்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த ஊரில் உனக்கென்று ஒருவரும் இல்லை, படிப்பு விசாவில் இருக்கிற நீ பழைய விசயங்களில் தலை கொடுத்தால் நாளைக்கு ஊருக்குப் போகும்போது கட்டுநாயக்க விமான நிலையத்தில் மறிப்பார்கள், இப்படி ஏழெட்டு. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். அதில் ஒன்றும் முழுப் பொய் இல்லை, ஆனால் ஒன்றும் காரணமும் இல்லை. அந்தப் பெண் ஏமாற்றுக்காரி இல்லை. றெஜினா அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் வாயால் நீ கேட்க முன் என் எழுத்தில் வாசித்துவிடு.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது எங்கள் ஊரும் பக்கத்து ஊர்களும் வெறுமையாகி, சனம் முழுக்க வாவிக்கு எங்கள் பக்கம் இருந்த மாதா கோயிலுக்குள் வந்து ஒதுங்கியது. சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பார்க்கவில்லை, கோயிலென்றால் குண்டு போடமாட்டார்கள், உள்ளே வரமாட்டார்கள் என்ற ஒரு நம்பிக்கை. அப்பப்பா அப்போது உயிரோடு இல்லை, அப்பம்மா, மகேந்திரராசா அண்ணன், நான் மூன்று பேரும் பீடத்துக்கு இடது பக்கத் தூணடியில் ஒரு பாய் விரித்து இருந்தோம். எனக்குப் பதினெட்டு வயது, உயர்தரப் பரீட்சை எழுதத் தயாராக இருந்தவன், கணக்கிலும் கையெழுத்திலும் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று பாடசாலையில் பெயர். நிவாரண அரிசிக்குப் பதிவு வேண்டுமென்று பாதர் ஒரு நாற்பது தாள் கொப்பியைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். பெயர், வயது, ஊர். முந்நூறு குடும்பத்துக்கு மேல். நான் கோடு போட்டு, இலக்கம் போட்டு, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். ஊர்ப் பதிவு பார்க்கிற அதிகாரி மாதிரி என்று சனம் என்னைக் குட்டி விதானையார் என்று கூப்பிட்டது. வாறார் விதானையார், எழும்பி நில்லுங்க என்று கிழவர்கள் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் பிடித்திருந்தது.

இளம் வயது ஆண்களை ஆமி பிடித்துக்கொண்டு போகும் என்று பயந்து தாய்மார் வந்து கெஞ்சினார்கள். என்ட மகனுக்குப் பதிமூண்டு எண்டு போடு தம்பி, ஆள் வளத்திதான், மீசை இல்லாட்டி ஆருக்குத் தெரியும் என்றாள் ஒருத்தி. நான் பிறப்புப் பத்திரம் கேட்டேன். றெஜினா அக்கா கலியாணம் முடித்து ஒரு வருடம், அவளுடைய அன்ரன் அண்ணன் பஸ் கொண்டக்டர், இருபத்தாறு வயதிலேயே முன்தலை வெளித்துவிட்டது. பாரு தம்பி இந்த வழுக்கையை, நாப்பத்திரண்டு எண்டு போட்டா மாதாவே நம்புவா என்று அவள் அவருடைய தலையைத் தடவிக் காட்ட, அவர் வெட்கத்தில் அவள் கையைத் தட்டிவிட்டார். சுற்றி இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எழுது தம்பி, உன்னைக் கும்பிட்டன் என்றாள். அக்கா, கோயில் கொப்பியில பொய் எழுதேலாது, அடையாள அட்டையைக் கொண்டாங்க என்றேன். கொண்டுவந்து காட்டினாள். இருபத்தாறு என்று எழுதினேன். ஒருவருக்கு மாற்றினால் எல்லாருக்கும் மாற்ற வேண்டிவரும், அரிசிக் கணக்குப் பிழைக்கும், பாதரின் பெயர் கெடும் என்று எனக்கு நியாயம் இருந்தது. படித்தவனுக்கு எப்போதும் ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

ஆவணியில் ஒரு காலை இரண்டு ஆமி ட்றக் வந்தது. அதிகாரி கதவடியில் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பாதர் முன்னால் போய், இவர்கள் எல்லாரும் அப்பாவிகள், ஒவ்வொருவருக்கும் பதிவு இருக்கிறது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி அந்தக் கொப்பியை நீட்டினார். மறைக்காமல் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் இலக்கம் எல்லாருக்கும் ஒன்றுதானே. இதை எழுதியது யார் என்று கேட்டார், பாதர் என்னைக் காட்டினார். என்னைப் பக்கத்தில் நிறுத்தி, பதினாறுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட இலக்கங்களில் விரலை வைத்து வைத்து, ஆண்களை மட்டும் வாசி என்றார். நான் வாசித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது மகள். விரலுக்கு நேரே இருந்த பெயரை விட்டுவிட்டு எந்தப் பெயரையும் வாசித்திருக்கலாம், செத்துப்போனவர்களின் பெயரை வாசித்திருக்கலாம், இல்லாத பெயரைச் சொல்லியிருக்கலாம், ஒருவரும் எழும்பாமல் இருந்திருப்பார்கள், நாலு அடி விழுந்திருக்கும். அது என் புத்திக்கு வரவேயில்லை. பரீட்சகர் முன்னால் நிற்கிற மாணவன் மாதிரி ஒவ்வொரு பெயரையும் உரத்து, பிழையில்லாமல் வாசித்தேன். அன்ரன் அண்ணனின் பெயரை வாசித்தேன். இருபத்திரண்டு என்ற இலக்கத்தில் விரல் வந்தபோது மார்க்கண்டு மகேந்திரராசா என்று வாசித்தேன். அண்ணன் எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். முப்பத்தேழு பேர். ஒருவரும் திரும்பி வரவில்லை.

என்னை ஏன் கொண்டுபோகவில்லை என்று உனக்கு இப்போது கேட்கத் தோன்றும். கொப்பியில் என் பெயர் இல்லை. அன்று ஊரில் கேட்ட எல்லாருக்கும், எழுதிய அவசரத்தில் என் பெயரை எழுத மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் ஒரே பொய்யைச் சொன்னால் சொன்னவனுக்கே அது நினைவாகிவிடும். மறக்கவில்லை. கொப்பி கையில் கிடைத்த அன்றே அண்ணன் சொன்னார், உன்ட பேரைப் போடாத, இப்படிப் பட்டியல் எங்க போய் நிக்குமெண்டு சொல்லேலாது, நீ பாதர்ட குசினியில சாப்பிட்டுக்க, என்ட பேர் இருந்தா அம்மாவுக்கும் எனக்கும் அரிசி வரும் என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னதால் எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் என்னை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் சரியான வயதோடு எழுதினேன். அந்தப் பட்டியலில் ஒரேயொரு பொய் இருந்தது, அது எனக்காக இருந்தது.

ட்றக் போன பிறகு பெண்கள் தெருவில் விழுந்து கத்தினார்கள். றெஜினா அக்கா கத்தவில்லை. என்னிடம் வந்து, ஊர் முழுக்க எழுதினாய், ஊர் முழுக்க வாசிச்சாய், உன்ட பேர் எங்க தம்பி என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை, அப்பம்மாவும் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். எனக்கு றெஜினா அக்காமேல் எவ்வளவு கோபம் இருந்தது என்று உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு விரல் நீட்டிக் குற்றம் சொல்ல நான் இருந்தேன், என் அண்ணனுக்காக நான் யாரை நோக்கி விரல் நீட்டுவது என்று எண்ணி எண்ணியே வருடங்கள் போயின. பாதர்மேலும் கோபம், அவர் மாற்றலாகிப் போய் எங்கேயோ செத்தும் போனார். இங்கே அகதி விண்ணப்பத்தில் சகோதரர்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று இரண்டு பெட்டி இருந்தன, காணாமல் போனவர்களுக்கு மூன்றாவது பெட்டி ஏன் இல்லை என்று அந்த உத்தியோகத்தரோடு சண்டை பிடித்தேன், அந்த வெள்ளைக்காரிமேலும் கோபம். துறைமுகத்துப் பண்டகசாலையில் இருபது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், மூன்று தரம் செக்கர் வேலை தருகிறோம், தாளும் பேனையும் பிடித்துப் பெட்டிகளின் பெயரும் இலக்கமும் வாசிக்கிற வேலை, குளிருக்குள் நிற்கத் தேவையில்லை என்றார்கள். மாட்டேன் என்றேன். படித்த மனுசனுக்கு வந்த தலைக்கனம் என்று அம்மாவும் மாமாவும் என் காதுபடவே சொன்னார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். தலைக்கனம் என்று நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ சொந்தக்காரர் மூலம் றெஜினா அக்கா ஜேர்மனியிலிருந்து என் நம்பரைக் கேட்டாளாம். கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. நீ அந்த நாட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது நான் எதற்கு அவ்வளவு தடுத்தேன் என்று இப்போது விளங்கும். கனடாவில் இல்லாத படிப்பா, மொழி தெரியாத நாடு, குளிர் என்றெல்லாம் சொன்னேன். எட்டுக் கோடி சனத்தில் ஒரு மனுசி, சந்திக்க மாட்டாய் என்று பிறகு மனதைத் தேற்றினேன். நீயோ போய் ஒரு புத்தகத்தில் பெயர், நட்சத்திரம், ஊர் எல்லாம் எழுதி அவளைக் கூப்பிட்டுவிட்டாய். உன்மேல் கோபமில்லை. பயம்தான். குண்டுக்குப் பயந்திருக்கிறேன், ஆமிக்குப் பயந்திருக்கிறேன், இங்கே வந்து கடிதம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று மூன்று வருடம் தபால்காரனுக்குப் பயந்திருக்கிறேன். இந்தப் பயம் அதெல்லாவற்றையும்விடப் பெரியது, நீ அந்த மெழுகுதிரித் தட்டடியில் நின்று ஒரு மனுசி சொல்வதைக் கேட்கும்போது உன் முகம் எப்படி மாறும் என்ற பயம். அந்த முகத்தை நான் பார்க்க மாட்டேன், ஆனால் அது மாறியிருக்கும்.

போகாதே என்று சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். இவ்வளவு எழுதி முடித்துத் திரும்பி வாசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த மனுசி ஒருதரம் என்னிடம் வந்து ஓர் இலக்கத்தை மாற்றச் சொல்லிக் கும்பிட்டாள், நான் மாட்டேன் என்றேன். பிறகு என் நம்பரைக் கேட்டாள், அதற்கும் மாட்டேன் என்றேன். இப்போது ஐம்பத்தெட்டு வயதில் ரயில் பிடித்து வந்து ஒரு கோயிலுக்குள் நின்று என் பிள்ளைக்காகக் காத்திருக்கப் போகிறாள், அவளை அங்கேயும் தனியே நிற்கவைத்துவிட்டு வா என்று உனக்குச் சொல்லச் சொல்கிறது என் பயம். மூன்றாம் தரமும் என்னால் அவளுக்கு மாட்டேன் என்று சொல்ல ஏலாது. ஆகவே முதல் தாளில் எழுதியதை விட்டுவிடு. போ.

நேரத்துக்கு முன்பே போய் நில், அவள் வந்து தேடக்கூடாது. குளிராக இருக்கும், அந்தக் கல்லுக் கட்டடங்களுக்குள் வெளியைவிடக் குளிர் என்று நீதானே சொன்னாய், காலுக்கு இரண்டு சோடி மேசு போடு. அவளை அக்கா என்றோ அன்ரி என்றோ கூப்பிடாதே, பெரியம்மா என்று கூப்பிடு. மகேந்திரராசாவின் பெறாமகள் என்று சொல்லித் தொடங்காதே, கிரிதரனின் மகள் என்று சொல்லு. முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும், அப்படியே நில். கதைக்கத் தொடங்கினால் இடையில் மறிக்காதே. அப்பா எல்லாம் எழுதியிருக்கிறார், எனக்குத் தெரியும் என்று அவள் வாயை அடைக்காதே, அவள் தன் மாதிரியில் முழுவதும் சொல்லட்டும். என்னோடு கதைக்க வேண்டுமென்று அவளாகக் கேட்டால் போனைப் போட்டுக் கொடு, எடுப்பேன். கேட்காவிட்டால் நீ வற்புறுத்தாதே. முடிந்ததும் ரயில் நிலையம் வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வா. அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது, ஞாயிறுக்கு முன் நானே சொல்லிவிடுவேன், அவளும் உன் வாயால் கேட்கக்கூடாது. மாமாவிடமும் போய் ரீவி வயரைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், நினைக்க மட்டும்தான் இப்போது முடிகிறது.

படிப்பை விடாதே, பேக்கரிப் பாணை மட்டும் தின்று நாளைக் கடத்தாதே, ஹாமில் அம்மன் கோயில் இருக்கிறது, நாட்டுச் சாப்பாடும் கிடைக்குமாம், மாதத்தில் ஒருநாளாவது போய் வா. எந்தத் தெய்வம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கல்லுக்குள் இருப்பதோ அம்மாவின் விளக்கில் இருப்பதோ, ஏதோ ஒன்று உன் கூட இருக்கட்டும். நீ நூறு வயது இருக்க வேண்டும், உன் பெயரை யாரும் எங்கேயும் அச்சமில்லாமல் எழுதவும் வாசிக்கவும் வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. அவள் என்ன சொன்னாலும் என் பக்கம் நின்று ஒரு சொல்லும் சொல்லாதே. அப்பா அப்போது சின்னப் பிள்ளை, அவருக்குப் பதினெட்டு வயதுதான் என்று சொல்ல உனக்கு நா துடிக்கும், சொல்லாதே. அன்ரன் அண்ணனுக்கும் இருபத்தாறு வயதுதான். அறைக்குத் திரும்பி வந்ததும் வந்து சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுது. என் பெயருக்கு எழுத உனக்கு மனம் வராவிட்டால் அம்மாவுக்கு எழுது, நான் அவளிடம் கேட்டு அறிந்துகொள்வேன்.

உன் அப்பா,
மா. கிரிதரன்